பெண், 44, அவசரம்

மார்ச் 3

நான்கு நாள் ஆலோசனைக்குப் பின், பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போடுவதென்று இன்று காலை முடிவெடுத்தேன். ஆணியும் சுத்தியலும் எடுத்துக் கொடுத்த மனைவி, "ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறீங்க, எல்லாம் எங்கதான் போகுதோ" என்றாள். கை நடுங்கியதில் துளை சற்றுக் கோணல். மற்றபடி விழா இனிதே முடிந்தது.

மார்ச் 5

எங்கள் இரத்தப் பரிசோதனை ஆய்வகத்துக்குப் புது மெஷின் வந்தது. எப்போதும் ஊழியர் இரத்தத்தில்தான் வெள்ளோட்டம் பார்ப்போம். என் ஆண் ஹார்மோன், அதாவது டெஸ்டோஸ்டிரோன், ஆண்களுக்கான உச்ச வரம்பைப் போல ஒன்றரை மடங்கு. சூப்பர்வைசர் அக்கா ஊருக்கே கேட்கும்படி வாசித்தார்.

"அடேயப்பா, சிங்கம் இத்தனை நாளா நம்மகூடத்தான் டீ குடிச்சிருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மெஷின் கோளாறோ? மற்ற எட்டுப் பேருக்கும் சரியாகத்தானே வந்தது?

மார்ச் 6

இவ்வளவு ஏறினால் விரையில் கட்டி. அல்லது அட்ரீனல் சுரப்பியில் கட்டி. பாமரனுக்குப் பேய் ஒன்றுதான். படித்தவனுக்குப் பெயர் பெயராக வருகிறது. கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

மார்ச் 9

என் இரத்தத்தைப் பழைய மெஷினில் ரகசியமாக மறுபடி ஓட்டினேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று நோயாளியைக் கற்பனையில் படைத்தேன்: பெண், 44. தொலைபேசி எண் கட்டாயம் என்றது கணினி. அவசரத்தில் நினைவுக்கு வந்த ஒரே எண்ணைக் கொடுத்தேன்.

மார்ச் 10

அதே அளவு. ஆணுக்கே அதிகம், பெண்ணுக்கு அபாயம். கணினி சிவப்பில் அலறியிருக்கிறது. விதிப்படி அக்கா நோயாளியை அழைத்திருக்கிறார். நோயாளி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எனக்கு மீசை முளைக்குதான்னு ஒருத்தி போன்ல கேக்கறா. நான் எப்போ ரத்தம் குடுத்தேன்?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "எந்திரிங்க, டாக்டர்கிட்ட போவோம்" என்றாள். எனக்குக் கால் வரவில்லை. கட்டிதான்னு சொல்லிட்டா? நாளைக்குப் போவோமே...

மார்ச் 11

மருத்துவர் அம்மா என் நீட்டிய விரல்கள்மீது ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடத்தது.

"எத்தனை நாளா இந்த நடுக்கம்?"

"பயத்துல வந்தது டாக்டர்."

"பயம் எதுல வந்தது?"

மனைவி பெல்ட்டைக் காட்டினாள். இன்னும் மூன்று சோதனைகள் எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 14

கட்டி இல்லை. தைராய்டு தறிகெட்டு ஓடுகிறது. மெலிவு, நடுக்கம், படபடப்பு, இந்த நாட்குறிப்பின் பாதி, எல்லாம் அதன் கைங்கரியம்.

அப்படியானால் அந்த டெஸ்டோஸ்டிரோன் எண்? ஹார்மோன் இரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. ஈரல் செய்யும் ஒரு புரதம் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அல்புமின் லேசாகக் கைகோத்துக்கொள்கிறது. பிடியில்லாமல் இருப்பது நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். தைராய்டு மிஞ்சினால் ஈரல் அந்தப் பிடிக்கிற புரதத்தை அள்ளி இறைக்கிறது. பிடிபட்டது பெருகியதால் மொத்தமும் பெருகியது. எங்கள் மெஷின் எண்ணுவது மொத்தத்தைத்தான். என் பிடிபடாத பங்கு, அக்காவின் சிங்கத்துக்கு அவமானம் தரும் அளவுக்குச் சாதாரணம்.

இதைத்தான் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். பஸ்ஸில் இருக்கிறவர்களை எண்ணிவிட்டு, இத்தனை பேரும் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று எழுதாதீர்கள் என்பேன். குறிப்பெடுத்துக்கொள்வார்கள். பாவம்.

மார்ச் 15

மாத்திரை தொடங்கியது. பக்கவிளைவுகளின் பட்டியலை மனைவி கிழித்து எறிந்துவிட்டாள்.

மே 23

எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. பெல்ட் பழைய துளைக்குத் திரும்பிவிட்டது. கதவை ஒரு முறைதான் பார்த்தேன்.

மனைவிக்கு ஆய்வகத்திலிருந்து மூன்றாவது நினைவூட்டல் வந்தது. பெண், 44, அவசரம், உடனே வரவும்.