ஐகானின் பெயர் ‘இன்னைக்கு’

ஆனி 30, திங்கள்

வெயில். ஆலங்குடி ரோடெல்லாம் புழுதி. போட்டோ ஸ்டுடியோவில் கூட்டமில்லை. முதலாளி சாந்தி அக்கா சாப்பிடப் போன நேரத்தில் முடித்துவிட்டேன். கம்ப்யூட்டர் நோட்பேடில் ஆறே வரி புரோகிராம். ஐகானுக்குப் பெயர் ‘இன்னைக்கு’. தட்டினால் வருடம், மாதம், தேதி எல்லாம் தாண்டி அன்றைய ஃபோல்டர் நேராகத் திறக்கிறது. இல்லாவிட்டால் அதுவே புதிதாக உண்டாக்குகிறது.

எங்கள் கடையில் எல்லாம் தமிழ்த் தேதி. “வைகாசி கடைசி முகூர்த்தங்க” என்றுதான் வந்து கேட்பார்கள். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஆனி ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லி, முப்பத்தொன்று முடிந்தால் அடுத்த மாதம் என்று போட்டிருக்கிறேன்.

அக்கா தட்டிப் பார்த்தார். “ஏய், தானாத் தொறக்குது! யாருடி சொல்லிக் குடுத்தா?”

போனில் வீடியோ பார்த்தது. போனைக் காட்டிச் சிரித்தேன். பத்தாவதோடு நின்றது இன்று உறைக்கவில்லை.

ஆடி 1, புதன்

கறம்பக்குடியில் கல்யாணம். அக்காவின் வீட்டுக்காரர் மத்தியானம் கேமரா கார்டைக் கொண்டுவந்தார். ‘இன்னைக்கு’ தட்டி ஏற்றினேன். கார்டை அழித்து, கோயில் விசேஷத்துக்கு எடுத்துப்போனார். கல்யாண வீட்டுப் பாயசம், எனக்கும் ஒரு டம்ளர்.

ஆடி 1, வியாழன்

நேற்று எழுதிய தேதி தப்பு. நேற்று ஆனி 32.

காலையில் கல்யாணப் பெண்ணின் அண்ணன் வந்தார். சாயங்காலம் துபாய் ஃப்ளைட். போட்டோவெல்லாம் பென்டிரைவில் வேண்டும். அக்கா ஆனியைத் திறந்தார். 31-க்கு மேல் ஒன்றுமில்லை. கார்டும் அழித்தாயிற்று. அக்கா முகம் வெளுத்துவிட்டது.

“என்னக்கா, இல்லையா? தங்கச்சி கல்யாணத்த இனி எங்கிட்டுப் போய்த் தேடுறது?”

சுவரில் தேதிக் காலண்டர். பெரிதாக ஆடி 1. என் ஐகானில் நேற்றே ஆடி 1 வந்ததே! ஆனிக்கு முப்பத்திரண்டு நாளா?

“ஆடியில பாருங்கக்கா.” குரல் பாதிதான் வெளியே வந்தது.

“ஆடியில எவடி கல்யாணம் வைப்பா?”

சத்தமாகவே சொன்னேன். “நான் வச்சுட்டேங்க்கா.”

திறந்தார். எல்லாம் இருந்தது.

பெண்ணின் அண்ணன் சிரித்தார். “நேத்துத்தான் கட்டிக் குடுத்தோம், இன்னைக்கு ஆடிக்கு அழைக்கப் போறோம். அது பத்தாதுன்னு நீ வேறயா பாப்பா?”

ஆடி 2, வெள்ளி

நல்ல காற்று. முதல் ஆளாகப் போய் ஐகானை அழித்தேன். வெட்கம்.

“இங்க இருந்த ‘இன்னைக்கு’ எங்கடி?”

“தூக்கிட்டேங்க்கா. தப்பாப் போச்சுல்ல.”

“தப்பாப் போனா சரி பண்ணு. பழையபடி ஒன்னொன்னா நோண்ட என்னால ஆகாது.”

காலண்டரை மடியில் வைத்து மறுபடி எழுதினேன், ஒவ்வொரு மாதமாக. கார்த்திகைக்கு இருபத்தொன்பதுதான்!

அக்கா தட்டினார். ஆடி 2. உள்ளே ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

“ஆடியில வேறென்ன வரும்” என்று டீ சொல்லப் போனார்.