பிரசாதம் கணக்கில் வருமா?

நேற்று உங்கள் வருஷப் படையலுக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன் அக்கா. நீங்கள் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர், பெரிய மாமா. உங்கள் மகன் செந்தில், மருமகள் கவிதா. கண்டமங்கலத்திலிருந்து நம் நாத்தனார். விழுப்புரத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. அவ்வளவுதான். ஓமந்தூர்ச் சித்தி வருவதாகச் சொல்லியிருந்தார். முட்டி மடங்கவில்லை, பஸ் ஏற முடியவில்லை என்று போன் பண்ணிவிட்டார்.

இதை எழுதும்போது என் விரலில் வறுத்த வேர்க்கடலை வாசனை, நம் மல்லாட்டை வாசனை, அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. திண்டிவனத்திலிருந்து வரும் வழியெல்லாம் மடியில் ஒரு இலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே, உங்கள் படையல் இலையில் வைத்த ஒரே ஒரு மல்லாட்டை உருண்டை. இப்போது அது பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே, சின்ன எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. நான் அதைச் சாப்பிடவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஏன் என்று உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

மறுபடியும் பத்தியம் ஆரம்பித்திருக்கிறேன் அக்கா. மூன்றாவது வாரம் நடக்கிறது. நீங்கள் போன பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வயிறு பழையபடி உப்பிக்கொண்டது. போன மாதம் துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறியவள், பாதிப் படியில் பக்கெட்டை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்கே முடிவு செய்து திண்டிவனத்துக்குப் போய், பத்தியம் எழுதித் தருகிற அதே கண்ணாடி போட்ட பெண்ணைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். சிரித்துக்கொண்டே, "உங்ககூட ஒரு அம்மா வருவாங்களே, நல்லா பேசுவாங்களே, அவங்க எப்டி இருக்காங்க?" என்றாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. "இந்தத் தடவ அவங்க வரல" என்று மட்டும் சொன்னேன்.

நாம் இதை ஆரம்பித்ததே மயிலம் மலைப்படியில்தான். அது போன வருஷத் தைக் கிருத்திகை. பாதி ஏறுவதற்குள் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டோம். நம்மைவிட வயதில் பெரியவர் ஒருவர் தலையில் பால்குடத்தோடு நம்மைத் தாண்டிப் போனார். நீங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, "நம்ம நெலமயப் பாத்துட்டு முருகனே எறங்கி வந்துடுவான் போல, பாவம்" என்றீர்கள். சிரித்த சிரிப்பில் இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கியது. இறங்கும்போதுதான் உங்கள் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் தடிப்பு, சிவந்துபோய். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு, அது வரும் போகும் என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டீர்கள்.

கவிதாதான் அந்தப் பெண்ணிடம் நம்மை அழைத்துப் போனாள். பால், தயிர், நெய், கோதுமை, மைதா, மல்லாட்டை, முட்டை, மீன் எல்லாவற்றையும் ஆறு வாரம் நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்தால் உடம்புக்கு எது ஆகவில்லை என்று தெரிந்துவிடும். எலிமினேஷன் டயட் என்று பெயர் சொன்னாள். நீங்கள் அதைப் பத்தியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, "பாக்கி இன்னாம்மா இருக்குது, மண்ணா?" என்று கேட்டீர்கள். கேப்பை இருக்கிறது, சாமை இருக்கிறது, பாசிப்பயறு, கீரை, காய், பழம் இருக்கிறது என்றாள். தினமும் காலையில் நடக்கவும் சொன்னாள். தனியாக என்னால் ஆகாது, என் ஓரகத்தியும் இருந்தால் இருக்கிறேன் என்று நீங்கள் நிபந்தனை போட்டீர்கள். எனக்கும் ஏதாவது தொந்தரவு உண்டா என்று அவள் என்னைக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், "இவளுக்கு இல்லாத தொந்தரவா" என்று நீங்களே எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டீர்கள்.

அப்படித்தான் நீங்கள் திண்டிவனத்திலும் நான் விழுப்புரத்திலும் ஒரே சோற்றைச் சாப்பிட்டோம். உங்களுக்குத் தெரியும், நான் எட்டாவதோடு நின்றவள். பையனுடைய பழைய டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டப் பழகியவள். ஒவ்வொரு பாக்கெட்டின் பின்னாலும் இருந்த பொடி எழுத்தைப் படித்துப் படித்து, பெருங்காய டப்பாவில் மைதா கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து உங்களுக்கு போன் பண்ணினேன். "எங்க டாக்டரம்மா பெருங்காயத்தையே புடிச்சிட்டா" என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பெருங்காயத்தைப் பிடித்தவளுக்கு அதைவிடப் பெரியது கண்ணில் படவில்லை.

தினமும் மத்தியானம் போன். இன்னா சாப்ட்ட, கேப்பைக் களி, கீரை, நானும் அதான். அவ்வளவு பேச அரைமணி நேரம் ஆகும். ஒருநாள் எதிர்வீட்டில் பூரி சுடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, "வாசனைய மட்டும் துன்னுட்டேன். அது கணக்குல வருமா?" என்று கேட்டீர்கள். வராது என்றேன். அப்படியானால் இன்னும் கொஞ்ச நேரம் வாசலில் நிற்கிறேன் என்று போனை வைத்துவிட்டீர்கள்.

மூன்றாவது வாரத்தில் எனக்கு வயிற்று உப்பல் வடிந்தது. உங்களுக்குத் தடிப்பு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரியும் வெள்ளிக்கிழமை ராத்திரியும் சொறிந்து சொறிந்து தூக்கமில்லை என்றீர்கள். அதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, அந்த இரண்டு நாளும் வெளியில் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். உங்களுக்குக் கோபம் வந்தது. வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, கோயிலுக்குப் போய்வருவதோடு சரி என்றீர்கள்.

"கோயில்ல என்னம்மா குடுப்பாங்க?"

"பிரசாதம்."

"அதுல என்ன இருக்கும்?"

"அதுல முருகன் இருக்கான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தூக்கிவாரிப் போட்டது. செவ்வாய்க்கிழமை மல்லாட்டைச் சுண்டல். வெள்ளிக்கிழமை தயிர் சாதமோ பால் பாயசமோ. நீங்கள் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது ஒவ்வொன்றையும் ஒளிக்காமல் சொன்னீர்கள். பிரசாதத்தைச் சாப்பாடு என்று நீங்கள் நினைத்ததே இல்லை. நானும்தான் நினைக்கவில்லை, இல்லாவிட்டால் அத்தனை நாளில் ஒருதரமாவது கேட்டிருப்பேனே.

பஸ் ஸ்டாண்டில் பால் விடாத காப்பியை வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்தோம். எங்கிருந்து வந்தாலும் வரவு வரவுதான், வயிற்றுக்குள் போனால் கணக்கில் எழுத வேண்டியதுதான் என்றேன். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "உப்பு புளி வரைக்கும் எழுதறவ நீ. உண்டியல்ல போடற காச எழுதறியா?"

எழுதுவதில்லை அக்கா. இத்தனை வருஷ வீட்டுக் கணக்கில் நான் எழுதாமல் விடுகிற செலவு அது ஒன்றுதான். சாமிக்குக் கொடுத்ததை எழுதி வைக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கை எழுத வராது. உங்கள் டவுன் பஸ் வந்தது. ஜன்னல் வழியாக, பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவைக் கேட்கிறேன், அவர்கள் பாதர் கொடுக்கிற அப்பமும் கோதுமைதானே, அதையும் நிறுத்தச் சொல்வார்களா என்று சொல்லிக்கொண்டே போனீர்கள்.

இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் நீங்களே கூப்பிட்டு, பிரசாதத்தையும் விட்டுவிட்டேன், கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன், போதுமா என்றீர்கள். நல்லது அக்கா என்றேன். மனசுக்குள் நம்பவில்லை. சாமி பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போடாமல் இருக்கிற மனுஷி நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தடிப்பு குறைந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது, நீங்கள் தடவிக்கொண்டிருந்த புதுக் களிம்பு வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

கடைசி போனில் மல்லாட்டையை எப்போது உள்ளே விடுவார்கள் என்று கேட்டீர்கள். அதுதான் கடைசி என்றேன். அதற்கு நீங்கள் சொன்னீர்கள்: "வறுத்து வெல்லம் போட்டு உருண்ட புடிச்சி வெக்கறேன். நீ வந்துடு. ரெண்டு பேரும் ஒண்ணா வாயில போட்டுக்கலாம். நீ வராம நான் தொடமாட்டேன்."

மறுநாள் விடியற்காலை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பெரிய மாமாவிடம் தெளிவாகச் சொன்னார். மாமா நம்பினார். நானும் நம்புகிறேன். ஆனால் உங்கள் தலைமாட்டில் நின்றபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இந்த வாய் கடைசியாகச் சாப்பிட்டது கேப்பைக் களி என்றுதான் தோன்றியது.

நேற்று கவிதா உங்களுக்குப் பிடித்தது எதையும் விடவில்லை. பூரி, தயிர் சாதம், பால் பாயசம், முட்டை, வஞ்சிரம் வறுவல், மல்லாட்டை உருண்டை. நாம் நீக்கிய அத்தனையும் ஒரே இலையில் வரிசையாக இருந்தது. கற்பூரம் காட்டினோம். மாமா மாடியில் சோறு வைத்தார், காகம் வந்து எடுத்தது. பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். உங்கள் இலையிலிருந்து நாத்தனார் எடுத்து எடுத்து எல்லோருக்கும் வைத்துக்கொண்டு வந்தார். என் இலையில் உருண்டையை வைத்தார். நான் சோறும் கீரையும் பரங்கிக்காயும் சாப்பிட்டேன். உருண்டையைத் தொடவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ எலையில இருந்து வந்தது. இதுக்கும் அந்தப் பொண்ணக் கேட்டுக்கினு வரணுமா?"

வுடுக்கா என்றார் என் வீட்டுக்காரர். நாத்தனார் விடவில்லை.

"நல்லா சாப்ட்டுக்கினே போயிருப்பா. வாயக் கட்டிப்போட்டுத்தான அனுப்பி வெச்ச."

பெரிய மாமா மோரை ஊற்றச் சொல்லிக் கவிதாவைக் கூப்பிட்டார். நான் உருண்டையை வாழை இலைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குக் கை கழுவப் போனேன்.

ஸ்டெல்லா பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள். "அவங்க கோயில்ல குடுத்தத சாப்புடவே இல்லக்கா. நேரா எங்க வூட்டுக்குத்தான் எடுத்தாருவாங்க. எதுருல ஒக்காந்துக்கினு, துன்னு துன்னு, மல்லாட்ட நல்லா வெந்துக்குதா, உப்பு தூக்கலா, சொல்லு சொல்லுன்னு கேட்டுக்கினே இருப்பாங்க. நான் மென்னு முழுங்கற வரைக்கும் என் வாயவே பாப்பாங்க."

எனக்குக் கையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவள் மேலும் சொன்னாள். அப்போது அவர்களுக்குத் தவக்காலமாம். ஒரு வேளை மட்டும்தான் சாப்பிடுவதென்று வேண்டிக்கொண்டிருந்தாளாம். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லையாம். பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொல்லலக்கா. அது கணக்குல வராதுன்னு அக்காதான் சொன்னாங்க."

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தேன். நாத்தனார் சொன்னதற்காக என்று என் வீட்டுக்காரர் நினைத்து, தன் அக்கா பேச்சு எப்போதும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது. உங்கள் கை சரியாகிக்கொண்டு வந்தது களிம்பினால் இல்லை. நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். ஸ்டெல்லாவின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்களைத்தான் பஸ் ஜன்னலில் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இன்று காலை விளக்கேற்றிவிட்டு டப்பாவைத் திறந்தேன். மூடினேன். அந்தப் பெண்ணைக் கேட்டால், ஆறு வாரம் முடியட்டும், இப்போது ஒரு உருண்டை சாப்பிட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பாள். அவள் சொல்வது நியாயம். எனக்கும் இந்தத் தடவை எது ஆகவில்லை என்று தெரிந்தாக வேண்டும் அக்கா, பயமாக இருக்கிறது. படியேறி அந்த முருகனைப் பார்க்க வேண்டும், உங்களுக்கும் சேர்த்து. ஆனால் ஒன்றாக வாயில் போடலாம் என்று சொன்னீர்களே. இலையில் வைத்தது உங்களுக்கு வந்து சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் நீங்கள் சாப்பிட்டாயிற்று, நான்தான் பாக்கி.

படையல் கணக்கில் வருமா, வராதா? நீங்கள் எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், இந்தத் தடவை எதிர்ப்பேச்சு பேசமாட்டேன். கனவில் வந்து சொன்னாலும் சரி, ஸ்டெல்லாவிடம் சொல்லி அனுப்பினாலும் சரி. உருண்டை ரொம்ப நாள் தாங்காது, எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிடும். ஜல்தி பதில் சொல்லுங்க அக்கா.