வழி மறித்த லாத்தாவுக்கு

லாத்தா,

இன்று காலை கிளினிக் கவுன்டரில் இருந்தேன். டோக்கன் வாங்க வந்த ஒரு பெண், காத்திருந்த நேரத்தில் கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். அதன்பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கையில் இருந்த இன்சூரன்ஸ் கார்டு யாருடையது என்பதே மறந்துபோயிற்று. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன், குடிக்காமலே திரும்பி வந்தேன், மறுபடி எழுந்தேன். பக்கத்து சீட் மலையாளிப் பெண் என்னாச்சு சேச்சி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

நம் பிள்ளைகளின் கூடைப்பந்து டீம் போன பஸ்ஸெல்லாம் அந்த வாசனைதான் அடித்தது. ஆட்டம் முடிந்து ஏறுகிற பெண்களை ஒவ்வொருத்தியாக உட்காரவைத்துக் கெண்டைக்காலில் தேய்த்துவிடுவீர்கள். பிலிப்பினோப் பிள்ளை, எகிப்துப் பிள்ளை, பஞ்சாபிப் பிள்ளை என்று உங்களுக்கு வித்தியாசம் கிடையாது. "காட்டு காலை" என்று தமிழிலேயே சொல்வீர்கள். எல்லோருக்கும் புரியும்.

இங்கே பஹ்ரைனில், ஈசா டவுன் பள்ளிக்கூடத்துக் கோர்ட்டுக்கு வெளியே, பிராக்டிஸ் முடியக் காத்திருக்கும் தாய்மார்களில் நான் மட்டும்தான் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பேனாம். நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். எந்த ஊர் என்று கேட்டீர்கள். திருச்செந்தூர் என்றேன். நீங்கள் காயல்பட்டினம். ஒரே பஸ் ரூட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் கடல் தாண்டி வந்து சந்திக்க வேண்டுமா என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து உங்களை உங்கள் ஊர் வழக்கப்படி லாத்தா என்றேன். அக்கா என்று சொல்லியிருக்கலாம். ஏனோ அது வாயில் வரவில்லை.

என் தாரிணி நெட்டை. கூடைக்குப் பக்கத்தில் நின்று கை நீட்டினால் பந்து உள்ளே போய்விடும். உங்கள் ருக்கையா அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். முழுக்கை டீஷர்ட்டும் இறுக்கிக் கட்டிய தலைத்துணியுமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவாள். எனக்கும் உங்களுக்கும் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் பெரிய வகுப்புக்கு வர வர நாமும் கற்றுக்கொண்டோம். நான் கற்றுக்கொண்டது பயப்படுவதற்கு. நீங்கள் கற்றுக்கொண்டது பார்ப்பதற்கு.

பன்னிரண்டாம் வகுப்பில் துபாய்க்குப் போனோமே, வளைகுடாப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து நடந்த பெண்கள் போட்டி. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கல்லூரி டீம்களுக்கு ஆள் எடுக்கக் கோச்சுகள் வருகிறார்கள் என்று தெரிந்தபோதே எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவர்களில் ஒரு பெண் கோச் தாரிணியின் வீடியோவைப் பார்த்துவிட்டு, நேரில் ஆடுவதைப் பார்க்க வருகிறேன் என்று பதில் போட்டிருந்தார். ஒரே ஒரு இடம்தான் அந்த டீமில் காலி. படிப்பு, தங்குமிடம் எல்லாம் ஸ்காலர்ஷிப்பில் போய்விடும். போட்டி முடியும்வரை பெற்றோர் யாரும் கோச்சுகளிடம் பேசக் கூடாது, அவர்களும் பேசமாட்டார்கள் என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

பேசக் கூடாது என்றார்கள். பின்னால் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கோச்சின் சாம்பல் நிற ஜாக்கெட்டை நான் கண்ணிலிருந்து விடவில்லை. அவர் இரண்டாம் கோர்ட்டுக்குப் போனால் நானும் போனேன். ஷார்ஜாப் பள்ளிக்கூடத்து நெட்டைப் பெண் ஒருத்தியைப் பார்த்து அவர் எதையோ குறித்தார். ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் சமோசாவைப் பிட்டு என் கையில் வைத்துவிட்டு, "அந்தம்மா பாத்ரூம் போனாலும் வாசல்ல நிப்பியா புள்ள?" என்றீர்கள். சிரிக்க முடியவில்லை. சமோசாவையும் தின்ன முடியவில்லை.

உங்கள் மகளும் அதே டீம்தான், அவளையும் யாராவது பார்க்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை. ருக்கையா பஹ்ரைனிலேயே பி.காம். சேருவாள், சாயங்காலம் மனாமாவில் வாப்பாவின் துணிக்கடையில் உட்காருவாள் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

அரையிறுதி ஆட்டம். கோச் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். நீங்கள் அதே வரிசையில், வெளியே போகும் ஓரத்து நாற்காலியில். நான் வழக்கம்போல கடைசி வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். தாரிணி அன்று என்னைப்போலவே இருந்தாள். பதற்றம். எதிராளி மேல் இடித்தாள், கையில் தட்டினாள், ஃபவுல் மேல் ஃபவுல். பாதி ஆட்டம்கூட முடியவில்லை, இன்னும் ஒன்று வாங்கினால் வெளியேற வேண்டியதுதான் என்று ஆகி, அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். நம் டீம் பின்தங்கியிருந்தது.

கோச் டேப்லெட்டைப் பைக்குள் வைத்தார். எழுந்தார். பக்கத்துக் கோர்ட்டில் ஷார்ஜாப் பெண்ணின் ஆட்டம் தொடங்கும் நேரம். என் கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. முழங்காலை ஒதுக்கவும் இல்லை. அவர் வழிக்காகக் காத்து நின்றார். நீங்கள் அண்ணாந்து பார்த்து, கடையில் அரபிகளிடமும் வங்காளிகளிடமும் பேசிப் பழகிய பாஷையில், கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, "மேடம், ஷுவைய வெயிட். லாங் கேர்ள் கமிங் பேக்" என்றீர்கள்.

அவர் பதில் பேச முடியாது, விதி அப்படி. வாசலைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். தாண்டிக் குதித்தா போக முடியும்? புன்னகை செய்துவிட்டுப் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். உங்கள் பார்வை முழுக்க பெஞ்சில் இருந்த தாரிணி மேலேயே இருந்தது. எப்போது எழுப்புவார்கள், எப்போது எழுப்புவார்கள் என்று.

அதனால்தான் நீங்கள் ருக்கையாவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தாரிணி இல்லாத கோர்ட்டில் அவள் வேறு பெண்ணாக இருந்தாள். எதிராளி கையிலிருந்து பந்தைப் பறித்தாள். யாரும் இல்லாத இடத்துக்குப் பந்தை எறிவாள், பந்து போய்ச் சேரும்போது அங்கே நம் பெண் ஒருத்தி நிற்பாள். எப்போதும் தடுமாறுகிற பஞ்சாபிப் பிள்ளைகூட அடுத்தடுத்துக் கூடையில் போட்டாள். மெல்ல மெல்லச் சமமானது ஸ்கோர். கோச்சின் பை மடியிலிருந்து தரைக்குப் போனது. டேப்லெட் வெளியே வந்தது. அவர் முன்னால் சாய்ந்து எழுதத் தொடங்கினார்.

தாரிணி கடைசியில் இறங்கி நன்றாகவே ஆடினாள். நூலிழையில் தோற்றோம். கோச் கடைசிவரை இருந்தார். ஆனால் அவர் எழுதிய நேரத்தில் கோர்ட்டில் என் மகள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஹோட்டலில் என் அறைக் கதவைத் தட்டினீர்கள். கண் சிவந்திருந்தது. அந்த அமெரிக்க கோச் நம் பள்ளிக் கோச்சுக்கு ருக்கையாவைப் பற்றி விசாரித்து மெயில் போட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, உள்ளே வராமல் நின்றீர்கள்.

"நான் உன் மகளுக்காகத்தான் மறிச்சேன் புள்ள. அல்லாஹ் அறிய."

"தெரியும் லாத்தா. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"நான் வேணாம்னு சொல்லிப்புடுதேன். அந்த எடம் தாரிணிக்கு உள்ளது."

நான் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, சொல்லத்தான் வரவில்லை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த தாரிணிதான் பேசினாள்.

"ஆன்ட்டி, உள்ள ஆடும்போது எனக்குத் தெரியல. வெளிய உக்காந்து பாத்தப்பதான் தெரிஞ்சிது. ருக்கிதான் எங்க எல்லாரையும் ஆட வைக்கிறா. வேணாம்னு சொன்னீங்கன்னா நான் உங்ககூட பேச மாட்டேன்."

நீங்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். என்னைவிட என் மகள் பெரியவள் என்று அறிந்த நாள் அது. பெருமையாக இருந்தது, வலித்தது, இரண்டும் சேர்ந்து என்னை உட்காரவிடவில்லை.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர். காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், உங்கள் ஊரில் அண்ணனுக்கு அதுதானே. மகள் ஆடிய ஒரு ஆட்டத்தையும் அவர் பார்த்ததில்லை. கடையை யார் பார்ப்பது என்பார். அதற்கு அடியில் வேறு தயக்கமும் இருந்தது, நமக்குத் தெரியும். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது, கலாஸ், என்று முடித்துவிட்டார். நீங்கள் சண்டை போடவில்லை. கோச்சை வீடியோ காலில் வரச்சொல்லி, நடுவில் தாரிணியை மொழிபெயர்க்க உட்காரவைத்தீர்கள். ஹலால் சாப்பாடு கிடைக்குமா, தலைத்துணியோடு ஆட விடுவார்களா, அறையில் கூட யார் இருப்பார்கள் என்று காக்கா கேட்டுக்கொண்டே போனார். கோச் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். கடைசியில் காக்கா, எத்தனையோ பேர் ஆடும்போது என் மகள் எதற்கு என்று கேட்டார். கோச் சொன்னதைத் தாரிணி தமிழில் சொன்னாள்: "மத்தவங்க பந்தைப் பாக்குறாங்களாம் அங்கிள். ருக்கி ஆளுங்களைப் பாக்குறாளாம்." காக்கா உங்கள் பக்கம் திரும்பி, அது அவ உம்மாட்ட இருந்து வந்தது என்றார்.

ருக்கையா போனாள். தாரிணி கோயம்புத்தூரில் பிசியோதெரபி சேர்ந்தாள். நீங்கள் வெள்ளிக்கிழமை காலைகளில் என் வீட்டுக்கு வந்து, சோபாவில் கால் நீட்டி, ருக்கையா ஆடிய ஆட்டத்தின் பதிவை டிவியில் போடச்சொல்லிப் பார்ப்பீர்கள். முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தைக்கூட நான் நின்றுகொண்டுதான் பார்த்தேன். மாடிப்படி ஏறி வரும்போது உங்களுக்கு மூச்சு வாங்கியது. கேட்டதற்கு வெயில் என்றீர்கள். கிளினிக்கில் வேலை செய்கிறவள் நான், வாருங்கள், ஒரு ஈசிஜி எடுத்துவிடலாம் என்றேன். அடுத்த வாரம் பார்ப்போம் என்றீர்கள்.

அந்த வாரம் வரவில்லை. காலையில் அடுக்களையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று மாலையே மனாமாவில் அடக்கம் முடிந்தது. ருக்கையாவுக்கு இரண்டு விமானம் மாறி வர வேண்டும். வந்தபோது உங்கள் செருப்பு மட்டும் வாசலில் இருந்தது.

அவள் திரும்பிப் போகமாட்டேன் என்றாள். காக்காவும் போகச் சொல்லவில்லை. என்னிடம் வந்து, உம்மா ஆசைப்பட்டதற்காக, உம்மாவை விட்டுவிட்டுப் போனேன், இனி யாருக்காக ஆடுவது என்று கேட்டாள். அப்போதுதான் அந்த மூன்றாம் வரிசைக் கதையை அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு அதுவரை தெரியாது.

"உங்க உம்மா மறிச்சது உனக்காக இல்ல ருக்கி. தாரிணிக்காக. நீ ஆடுனத அவங்க பாக்கவே இல்ல. அந்த எடத்த யாரும் உனக்கு வாங்கித் தரல. அது நீயா எடுத்தது."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள், லாத்தா. அழுதுகொண்டே சிரித்தாள். உம்மா என்னைப் பார்க்கவே இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள். அந்த வாரமே கிளம்பினாள். ஏர்போர்ட்டுக்கு காக்காதான் காரை ஓட்டினார்.

இது அவளுக்குக் கடைசி வருஷம். படிப்பை முடிக்கிற பெண்களை, சொந்த மைதானத்தில் ஆடும் கடைசி ஆட்டத்துக்கு முன்னால், பெற்றவர்களோடு நடுக்கோர்ட்டுவரை நடக்கவைத்துக் கைதட்டுவார்களாம். அடுத்த மாதம். வாப்பாவும் நீங்களும் வர வேண்டும் ஆன்ட்டி என்று கூப்பிட்டிருக்கிறாள். காக்காவுக்கும் எனக்கும் விசா வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஷிப்ட் டூட்டியில் லீவு கேட்டு, கூட வருகிறார். காக்கா கடையிலிருந்து மூன்று கனத்த கோட்டு அனுப்பியிருக்கிறார். நேற்று போன் செய்தார்.

"தங்கச்சி, நடுவுல கூப்புடும்போது நான் என்ன செய்யணும்?"

"அவ கையப் புடிச்சிக்கிட்டு நடந்தாப் போதும் காக்கா."

"மைக்ல பேரு சொல்லுவாங்களாமே. அவ உம்மா பேரு?"

சொல்லுவார்கள் என்றேன்.

ருக்கையா எழுதிக்கொடுத்திருப்பதில் முதலில் உங்கள் பெயர்தான். அதைப் படிக்கப்போகிறவர் அந்த ஊர் அமெரிக்கர். நம் பெயரெல்லாம் அவர் வாயில் என்ன பாடுபடுமோ என்று அவள் கவலைப்பட்டதால், என் குரலில் பதிவுசெய்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். சரியாக வரவில்லை என்று தோன்றி மறுபடி அனுப்பினேன். கிளினிக்கிலிருந்து வந்ததும் இன்றும் ஹாலில் நடந்துகொண்டே சொல்லிப்பார்க்கிறேன். நீங்கள் இருந்தவரை உங்கள் பெயரை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, லாத்தா. இப்போது வாய்க்குள் வேறு எதுவும் இல்லை. எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, அவர் பிசகில்லாமல் சொல்லும்படியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.