வீக்கத்துக்குள் ஒரு மெலிந்த மனிதர்

பிப்ரவரி 11

ஆறாம் கட்டில். லிஃப்ட் மெக்கானிக். குடல் ஆபரேஷன் முடிந்து மூச்சு மெஷினில் கிடக்கிறார். பெரிய டாக்டர் கட்டில் தராசைப் பார்த்துவிட்டு, "எடை ஏறியிருக்கே! இவருக்கு என்னப்பா சத்துக்குறைவு?" என்றார்.

"ஏறினது தண்ணி சார். சதை இல்லை."

காலில் விரலை அழுத்திக் காட்டினேன். குழி அப்படியே நின்றது. நெற்றிப்பொட்டில் பள்ளம், தோளில் எலும்பு துருத்தல். இது கண்ணுக்குத் தெரியாதா? மூச்சு இழுப்பதும் தசைதான். அது வற்றினால் மெஷினை எப்படி எடுப்பது?

"உணவு நிபுணர் நீ. பார்த்துச் சொல்லு" என்று நகர்ந்துவிட்டார்.

பிப்ரவரி 12

வராந்தாவில் அவர் மனைவியைப் பிடித்தேன். எவ்வளவு எடை குறைந்தது, எத்தனை வேளை சாப்பிட்டார், பாதியா முக்காலா - மூச்சுவிடாமல் கேட்டேன்.

"வேளை தவறாம போட்டேன். நல்லாத்தான் சாப்பிட்டார்." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரி, பட்டினி இல்லை. நோய்தான் தசையைத் தின்றிருக்கிறது. நாளைக் காலை முதல் குழாய் வழியே முழு அளவு உணவு. பெரிய டாக்டரும் தலையாட்டிவிட்டார்.

அதே நாள், மாலை

சிஸ்டர் மடக்கினார். "ஏம்ப்பா, போலீஸ் மாதிரி விசாரிச்சியாமே? 'நான் சோறு போடலைன்னு கேக்கறாரு'ன்னு அந்தம்மா அழுவுது."

கேள்வி கேட்பது என் வேலை. அதற்கு அழுதால் நான் என்ன செய்ய? - இருந்தாலும் போனேன். இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்க மேல தப்பு சொல்லலை. சாப்பிட்டா வயிறு வலிக்கும்னு பயந்து நிறைய பேர் சாப்பாட்டைக் குறைச்சிடுவாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டிபன் பாக்ஸ் காலியாத்தான் வரும், தம்பி. கூட வேலை செய்யறவன்தான் சாப்பிட்டானாம். நேத்துதான் சொன்னான். வீட்டுல, 'வேலையிலேயே சாப்பிட்டேன்'னு வெறும் டீதான். மாசக்கணக்கா... இதுகூடத் தெரியாம, நான் என்ன பொண்டாட்டி?"

அப்படியானால் பட்டினிதான். காய்ந்து கிடக்கும் உடம்பில் திடீரென்று முழு உணவை இறக்கினால் இரத்தத்தில் உப்புகள் சரியும். இதயமே நின்றுவிடலாம்.

ஓடினேன். முதலில் வைட்டமின் ஊசி, இரத்தப் பரிசோதனை, பிறகு முழு அளவில் கால் பங்கு உணவு என்று மாற்றச் சொன்னேன்.

"நேத்து சத்து போதாதுன்னு கத்தினே. இன்னிக்கு அதிகம்னு கத்தறியா?" பெரிய டாக்டர் சிரித்தார். ஆனால் மாற்றினார்.

பிப்ரவரி 14

கால் பங்கு உணவுக்கே இரத்தத்தில் பாஸ்பேட் உப்பு இறங்கியிருக்கிறது. ஊசியில் ஏற்றுகிறோம். முழுசா போயிருந்தா? ஐயோ, நினைச்சுப் பார்க்கவே முடியலை.

பிப்ரவரி 17

உப்புகள் நிலைக்கு வந்தன. உணவைக் கொஞ்சம் கூட்டினேன். கொஞ்சம்தான்.

பிப்ரவரி 22

வீக்கம் வடிந்து எடை இறங்கிவிட்டது. எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். "எடை குறைஞ்சா குதிக்கிற உணவு நிபுணரை இங்கதான் பார்க்கறேன்" என்றார் பெரிய டாக்டர்.

மார்ச் 3

மெஷினை எடுத்து நாலு நாள். இன்று வாய்வழியாகக் கஞ்சி.

"இவர்கிட்டயே கேளுங்க தம்பி, நான் சோறு போட்டேனா இல்லையான்னு!" என்றார் மனைவி.

"போட்டா... நல்லாத்தான் போட்டா," என்றார், கரகரத்த குரலில்.

மனைவி அவர் பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு வாங்க. அந்த டிபன் பாக்ஸைப் பத்திப் பேச வேண்டியிருக்கு."

அவர் அவசரமாகக் கிண்ணத்தை இழுத்தார். "மெதுவாண்ணே, மெதுவா" என்றேன். "யாரு சொல்றது பாரு!" என்று சிஸ்டர் சிரித்தார்.

கிண்ணத்தைத் தள்ளிப் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றித் தன் பக்கம் இழுத்தார்.

வலித்தது. சதைதான், தண்ணி இல்லை.