எது பிடிக்கவில்லை?

12 நவம்பர் 1983, சனி

போன தடவை அனுப்பிய படுக்கை விரிப்புகள் பற்றிப் பேச ஜெர்மன்காரர் இன்று ஆபீசுக்கு வந்தார். "நல்லா இருந்ததான்னு மட்டும் கேளு" என்றார் முதலாளி. நானோ மாலை ஜெர்மன் வகுப்பில் படித்ததைக் கேட்டுவிட்டேன்: "வாஸ் ஹாட் ஈனன் நிஷ்ட் கெஃபாலன்?" உங்களுக்கு எது பிடிக்கவில்லை?

அர்த்தம் சொன்னதும் முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. வந்த விருந்தாளியிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? ஜெர்மன்காரரோ சாயம் போனது, தையல் பிரிந்தது என்று கொட்டித் தீர்த்தார். எனக்கு அத்தனையும் புரிந்தது! "டெல்லியில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்" என்று சொல்லி, அடுத்த ஆர்டரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் ரசத்தைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டேன்.

"எல்லாம் அச்சா" என்றார், பாவம். ஆர்டர் கிடைத்த பெருமையில் நான் உப்புப் போடவே மறந்திருந்தேன்.