நின்றால் சூடு, ஓடினால் குளிர்

அண்ணி,

இன்று புக்கிட் செந்தோசா பட்டறையில் காரின் ஏர்கோனைச் சரிசெய்த கையோடு அதன் வடிகட்டியையும் துடைப்பதற்காக மெக்கானிக் டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினார். உள்ளிருந்து மிளகு அளவில் வெள்ளிநிற உருண்டை ஒன்று உருண்டு வந்தது. "என்னா தங்கச்சி இது, மாத்திரையா?" என்றார். கேக்கின் மேல் நீங்கள் ஒவ்வொன்றாக ஒட்டி வைப்பீர்களே, அந்தச் சர்க்கரை மணி. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அது அந்தச் சனிக்கிழமை, இந்தப் பெட்டியில் நீங்கள் வைத்திருந்த பொட்டலத்திலிருந்து சிந்தியதாகத்தான் இருக்கும். நம் வீடமைப்புப் பகுதிக்கு வெளியிலிருந்து உங்களுக்கு வந்த முதல் ஆர்டர். கோலசிலாங்கூரில் ஒரு நிச்சயதார்த்தம், மூன்றடுக்கு கேக், பட்டர் கிரீம் ரோஜாக்கள். "இது நல்லா போய்ச் சேந்துட்டா அந்தப் பக்கம் நாலு பேரு கூப்பிடுவாங்க பாப்பா" என்று இரண்டு நாள்களாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அண்ணனுக்கு அன்று வேலை. கார் ஓட்ட நான்தான்.

ஏர்கோன் சரியில்லை என்று எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். அண்ணனின் கார். நான்தான் கெடுத்துவிட்டேன் என்பார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. பட்டம் வாங்கிய பிறகும் வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதற்கு ஒத்திகை பார்க்கிறவள் நான்.

ஈஜோக் டிராபிக் லைட்டில் நின்றோம். பின்னிருக்கையில் கேக் பலகையை அணைத்துப் பிடித்திருந்த நீங்கள், கையை முன்னால் நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

"பாப்பா, சூடா வருதே?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. நீங்கள் திட்டவில்லை. கேட்டது ஒரே கேள்விதான்.

"எப்பவுமே சூடா, இல்ல எப்பயாச்சுமா?"

"நின்னா சூடு, அண்ணி. ஓடுனா குளிருது."

"அப்ப நிக்காம ஓட்டு லா! அழுவுறத அப்புறம் பாத்துக்கலாம்."

பெரிய சாலையில் இன்னும் எத்தனை லைட்டுகளோ என்று செம்பனைத் தோட்டத்துச் சாலையில் திரும்பச் சொன்னீர்கள். தூரம் கூடுதல், ஆனால் நிற்க வேண்டியதில்லை. காற்றும் குளிரத் தொடங்கியது. அப்போதுதான் செம்பனைக் குலைகளை ஏற்றிய டிராக்டர் ஒன்று தோட்டத்துக்குள்ளிருந்து வந்து நமக்கு முன்னால் ஊரத் தொடங்கியது. நீங்கள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினீர்கள்.

"அண்ணே! கேக்கு உருகுதுண்ணே! கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே!"

"எனக்கு ஒரு துண்டு?" என்று கத்தினார் அவர்.

"உங்க கல்யாணத்துக்கு நானே செஞ்சு தர்றேன்!"

அவருக்கு அறுபது வயதாவது இருக்கும். சிரித்துக்கொண்டே புல்லில் இறக்கி வழிவிட்டார்.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்தோம். கீழடுக்கில் ஒரு பக்கம் மூன்று ரோஜாக்கள் சரிந்து கிடந்தன. மற்ற பக்கங்கள் அப்படியே இருந்தன. "செவத்துப் பக்கமா திருப்பி வச்சிடலாம் அண்ணி, யாருக்கும் தெரியாது" என்று நான்தான் கிசுகிசுத்தேன். நீங்கள் பெண்ணின் அம்மாவை அழைத்தீர்கள். சரிந்த பக்கத்தை அவருக்கு நேராகத் திருப்பினீர்கள்.

"மொதல்ல இதப் பாருங்கக்கா. வழியில ஏர்கோன் கோளாறு. கிரீம் கொண்டாந்திருக்கேன், அரை மணி நேரம் குடுங்க."

அவர் முகம் கறுத்தது. "போட்டோ எடுக்குறதுக்குள்ள முடியணும்" என்றார். அரை மணிக்குள் முடித்தீர்கள். எது பழைய ரோஜா, எது புதியது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. அடுத்த மாதம் அந்த அம்மாவே தன் தங்கை வீட்டுக்கு உங்களை அழைத்தார்.

திங்கட்கிழமை காரை இதே பட்டறைக்குக் கொண்டு வந்தோம். "கேஸ் கொறஞ்சிருக்கும், ஏத்திடலாம்" என்று மெக்கானிக் உங்களிடம் சொன்னார். "என்னைய ஏன் பாக்குறீங்க? அவளக் கேளுங்க. ஓட்டுறது அவதான்" என்றீர்கள். நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் கேஸ் குழாயைக் கீழே வைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு முன்பக்கம் குனிந்து பார்த்தார். விசிறி சுழலவில்லை. கார் ஓடும்போது எதிர்க்காற்று அந்த விசிறியின் வேலையைச் செய்துவிடுமாம். நின்றால் காற்றும் இல்லை, குளிரும் இல்லை. மோட்டாரை மாற்றினார், சரியாகிவிட்டது.

"பாத்தியா, கண்டுபுடிச்சது நீதான். சொல்லத்தான் ஒரு வாரம் ஆச்சு" என்று என் தலையில் லேசாகத் தட்டினீர்கள்.

டெங்கிக் காய்ச்சல் என்று நீங்கள் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பாமல் ஏழு மாதங்கள் ஆகின்றன. உங்கள் கேக் தட்டுகளை அண்ணன் யாருக்கும் கொடுக்கவில்லை.

நேற்று ராசா ஊர்ப் பக்கம் சாலைக் குழியில் காரை இறக்கிவிட்டேன். முன்பக்கம் பலமாக அடித்தது. அதிலிருந்து நின்றாலும் ஓடினாலும் சூடுதான். இன்று மெக்கானிக் பானெட்டைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "குழியில விட்டது நான்தான் அண்ணே. அடி விழுந்தது இந்த எடத்துல." அவர் நேராக அங்கே பார்த்தார். நசுங்கிய குழாயிலிருந்து கேஸ் கசிந்துகொண்டிருந்தது. புதுக் குழாய் போட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணனுக்கும் நானே போன் செய்தேன். அவர், "ஒனக்கு அடி கிடி படலையே?" என்றார்.

கூச்சம் இன்னும் போகவில்லை, அண்ணி. ஆனால் சரிந்துபோன பக்கத்தை நான் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதில்லை.