ஏழு கிலோவுக்குள்

பிப்ரவரி 4

என் அன்பு வாயாடிக்கு,

நலம்தானே? இங்கே உன் அண்ணனும் நானும் இருக்கிறோம். அண்ணி கடிதம் எழுதுகிறாளே என்று மயங்கி விழுந்துவிடாதே. போனில் பேசலாம்தான். ஆனால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

பெண்களை மட்டும் சேர்த்து, முதுகில் பையை மாட்டி மலைப்பாதையில் நடத்திக் கூட்டிப்போகிறாயே, உன் மார்ச் மாதப் பயணத்தில் எனக்கு ஓர் இடம் வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இடம் இல்லையென்றால் யாரையாவது தள்ளிவைத்தாவது எனக்குக் கொடு.

ஒரே ஒரு பைதான் அனுமதி என்பாயே, அதில் எதை வைப்பது, எதை விடுவது? இன்னொன்று, சிரிக்காதே. கசங்கிய துணியில் வரமாட்டேன். நான் தையல்காரி. எந்த ஊரில் போய் நின்றாலும், "யாரோ நல்ல வேலையில இருக்கிறவங்க போல"ன்னு பார்க்கிறவர்கள் நினைக்கவேண்டும்.

பதிலை நான் வேலை செய்யும் தையல் கடைக்கே அனுப்பு. முதலாளியம்மா என் கையில் கொடுத்துவிடுவார்.

உன் அண்ணி


பிப்ரவரி 9

என் ஆசை அண்ணிக்கு,

தலைகால் புரியவில்லை! நானே எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன், "உங்க அண்ணனுக்கு யாரு சமைப்பா"ன்னு நழுவுவீர்களே. இடம் போட்டுவிட்டேன். மார்ச் 12, பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் ஊர்ப் பஸ் நிலையத்திலேயே ஏறிக்கொள்ளலாம்.

பை ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது. நானே தூக்கிப் பார்ப்பேன், அண்ணியென்று தயவு காட்டமாட்டேன். எல்லா உடுப்பும் ஒரே நிறக் குடும்பமாக இருக்கட்டும், அப்போதுதான் எதை எதோடு போட்டாலும் பொருந்தும். சீக்கிரம் உலரும் துணியாக இரண்டு மேல்சட்டை, இரண்டு கால்சட்டை போதும். மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். கனமான ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு வாருங்கள், பையில் வைக்காதீர்கள். பளிச்சென்று ஒரு துப்பட்டா. குளிருக்குப் போர்வை, வெயிலுக்குத் தலைக்கட்டு, போட்டோவுக்கு அழகு, மூன்றுக்கும் அதுவே. உதட்டுச்சாயம் ஒன்று, அதையே கன்னத்திலும் தடவிக்கொள்ளலாம். இதற்குமேல் என்ன எடுத்தாலும் வழியில் என்னைத்தான் திட்டுவீர்கள்.

ஒவ்வொருத்தி வீட்டிலும் நான் முன்னாடியே போன் போட்டுப் பேசிவிடுவேன், அது எங்கள் வழக்கம். இல்லையென்றால் கடைசி நாளில் ஒரு புருஷனுக்குக் காய்ச்சல் வரும், ஒரு மாமியாருக்கு மூச்சுவாங்கும். நான் பேசியபிறகு எந்த வீட்டிலும் மறுத்ததில்லை. அண்ணனிடம் எப்போது பேசட்டும்?

உங்கள் வாயாடி


பிப்ரவரி 15

அன்பு வாயாடிக்கு,

உன் அண்ணனிடம் நீ பேசவேண்டாம். சமயம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். இதை மட்டும் மறந்துவிடாதே.

பை தயார். மதிய இடைவேளையில் கடையிலேயே தைத்து, வெட்டு மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேல்சட்டை ஒன்றை இரண்டு பக்கமும் போடுகிற மாதிரி தைத்தேன். ஒரு பக்கம் கருநீலம், திருப்பினால் கடுகு மஞ்சள். கால்சட்டை இரண்டும் கருநீலம். துப்பட்டாவில் இரண்டும் கலந்த பூ வேலை. முதலாளியம்மா பார்த்துவிட்டு, "இதப் போட்டுட்டுப் போனா நீதான் கடை முதலாளின்னு நினைப்பாங்க"ன்னு சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் முழுக்கை வைத்திருக்கிறேன், காரணம் கேட்காதே.

என் வெட்டுக் கத்திரிக்கோலையும் வைத்துவிட்டேன். கனம்தான். அதற்காக இரண்டாவது ஷூவையும் சோப்புப் பெட்டியையும் வெளியே எடுத்துவிட்டேன்.

பயணம் முடிகிற ஊர் எப்படிப்பட்டது? பெரிய ஊரா? தையல் கடைகள் இருக்குமா? தனியாக ஒரு பெண் கேட்டால் அறை கொடுப்பார்களா? எனக்குத் திரும்பி வரும் டிக்கெட் எடுக்காதே. இரண்டு நாள் கழித்து நானே வந்துகொள்கிறேன்.

இந்த ஒரு தடவை என்னைக் கைவிட்டுவிடாதே.

அண்ணி


பிப்ரவரி 21

அண்ணி, அண்ணி, அண்ணி!

மலை ஏறப்போகிற பொம்பளை கத்திரிக்கோல் எடுத்து வருவதை இப்போதுதான் பார்க்கிறேன். அங்கே யாருக்கு ரவிக்கை தைக்கப்போகிறீர்கள், ஆடுகளுக்கா? எடுத்து வெளியே வையுங்கள். பயணம் முடிகிற ஊர் பெரியதுதான், தெருவுக்குத் தெரு தையல் கடை. ஆனால் ஊர் சுற்றிப் பார்க்கவந்த இடத்தில் அதெல்லாம் எதற்கு?

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்று அண்ணன் வேறு விஷயமாகப் போன் செய்தான். என்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். நீங்கள் சும்மா பயந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எந்தத் தேதி, எந்தப் பஸ், பை எங்கே இருக்கிறது என்று எல்லாம் அக்கறையாகக் கேட்டுக்கொண்டான். தானே வந்து ஏற்றிவிடுகிறானாம். கத்திரிக்கோல் கதையைச் சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம், "நல்லவேளை சொன்ன பாப்பா"ன்னான்.

தினமும் கடை வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் தானே வந்து கூட்டிப்போகிற புருஷன் யாருக்குக் கிடைப்பான்? கொடுத்துவைத்தவர் அண்ணி நீங்கள்.

உங்கள் வாயாடி


பிப்ரவரி 27

வாயாடி,

தைத்த துணிகளோடு சேர்த்து இதை வாசல் ஜன்னல் வழியாக முதலாளியம்மாவிடம் கொடுக்கிறேன். என்னை இப்போது கடைக்கு அனுப்புவதில்லை. வீட்டிலேயே தைக்கிறேன். உன் அண்ணன் வெளியே பூட்டிவிட்டுச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர் கடைக்கு வந்துவிட்டார். எல்லாரிடமும் சிரித்துப் பேசிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். வீட்டில் ஒவ்வொன்றாகக் கட்டிலில் பரப்பினார். "கத்திரிக்கோல் எதுக்கு?" என்று ஒன்றுதான் கேட்டார். அதையே எடுத்து எல்லாத் துணியையும் வெட்டினார். நீலத்தையும் மஞ்சளையும் தனித்தனியாகப் பிரித்துக்கூட வெட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். இடது கையை இன்னும் தூக்க முடியவில்லை. முழுக்கை ஏன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

நான் திரும்பி வருவதாக இல்லை. உன்னிடம் முதலிலேயே சொல்லியிருப்பேன், அவர் உன் அண்ணன் என்பதால் வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நீ நேரில் வா. நீ கதவுக்கு முன்னால் நின்றால் அவர் கை ஓங்கமாட்டார். எனக்கு வேறு யாரும் இல்லை. தயவு செய்து வா.

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன். கடிதத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை, "அண்ணி எப்படி இருக்காங்க"ன்னு மட்டும்தான் கேட்டேன். அவன் அழுதுவிட்டான் அண்ணி. "அவளுக்கு மனசு சரியில்ல பாப்பா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்"னான். நான் யாரை நம்புவது? எறும்பைப் பார்த்தால் ஒதுங்கி நடக்கிறவன் என்று நினைத்துத்தான் அவனோடு வளர்ந்தேன்.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கேட்கவேண்டுமில்லையா? குழுவை விட்டுவிட்டு இப்போது வர முடியாது. பயணம் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருகிறேன். மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாயாடி


மார்ச் 29

அன்பு வாயாடிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீ பயணம் முடிந்து வீடு திரும்பியிருப்பாய், அண்ணன் வீட்டுக்கும் போயிருப்பாய். நான் செத்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதே.

பன்னிரண்டாம் தேதி அவர் வேலைக்குப் போனபின், துணி மூட்டை ஜன்னலில் நுழையாது என்று சொல்லி முதலாளியம்மா கீழ்வீட்டில் சாவி கேட்டார். அந்தம்மா சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்களாம். போட்டிருந்த நைட்டியோடு வந்தேன். கடையில் யாரோ வாங்காமல் விட்டுப்போன உடுப்பை எனக்கு மாட்டிவிட்டார்கள். இடுப்பு தொளதொளவென்று இருக்கிறது. இந்த ஊரில் இரண்டு தையல் கடைகளில் அதைப் பார்த்துவிட்டே வேலை இல்லை என்றார்கள். நாளை இன்னொரு கடைக்குப் போகிறேன். முதலாளியம்மா கொடுத்த பணத்தில் இத்தனை நாள் ஒரு விடுதியில் இருந்தேன், அது தீர்ந்துவிட்டது, இன்று ராத்திரி எங்கே படுப்பது என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

தபால் முத்திரையை வைத்துத் தேடாதே. வேறு ஊருக்குப் போகிறவர் ஒருவரிடம் கொடுத்துப் போடச் சொல்கிறேன்.

உன்னைப் பார்த்தேன். பகல் பன்னிரண்டுக்குப் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டேன். நீ ஒவ்வொருத்தி பையாகத் தூக்கிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாய், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொள்ளத்தான் வந்தேன். நீ என்னை ஏற்றிக்கொண்டிருப்பாய். என் கையைப் பார்த்து அழுதிருப்பாய். உன் துணியில் நல்லதாக எடுத்து எனக்குப் போட்டுவிட்டிருப்பாய். அப்புறம் முதல் நிறுத்தத்தில் இறங்கி, அவர் தவித்துப்போவாரே என்று போன் செய்திருப்பாய். "பயப்படாதண்ணா, அண்ணி என்கூடத்தான் இருக்காங்க."

தூணுக்குப் பின்னாலேயே நின்றேன். நீ இரண்டு தடவை இறங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய், என்னைத்தான் தேடினாய் என்று தெரியும். உன் பஸ் போனபிறகு நான் வேறு பஸ்ஸில் ஏறினேன்.

அண்ணி